நூலும் வாசகன் சொல்லும்

சென்ற தைத் திங்களில் ஒரு நாள் மாலை, காவிரி கடலோடு கலக்கும் பூம்புகார்க் கரையில் கல்லூரி மாணவர் நால்வருடன் அமர்ந்திருந்தேன். காவிரி என்றதும் கரைபுரண்டு வரும் பேராற்றை எண்ணிக்கொள்ள வேண்டா. வழி நெடுகிலும் வயல்களுக்குத் தன் நீரையெல்லாம் வழங்கிவிட்டு, எஞ்சிய ஒரு மெல்லிய ஓடையாகத்தான் அது அங்கே கடலைச் சேர்கிறது. அதன் அருகே மணல்மேடு. மணல்மேட்டில் உலரும் வலைகள். அவற்றுக்கு அப்பால் அலைகள். அவ்வளவே காட்சி.

அம்மாணவர் நால்வரும் ஆளுக்கொரு நூலைக் கையில் வைத்திருந்தனர். பூம்புகாரோடு தொடர்புடைய நூல் ஒன்றைப் படித்து வருதல், படித்ததுபற்றித் தம் கருத்தைக் கடற்கரையில் அமர்ந்து சொல்லுதல் என்பது எங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. நால்வரும் சொன்னார்கள். அவர்கள் சொன்னதை முதலில் உங்கள்முன் வைக்கிறேன்.

முதல்வர் கையில் இருந்தது சிலப்பதிகாரம். "புகார்க் காண்டத்தில் வரும் நகரம் வெறும் கற்பனை, ஐயா. மாளிகை என்கிறார், அங்காடி என்கிறார், யவனர் இருக்கை என்கிறார். இங்கே மணலைத் தவிர என்ன இருக்கிறது?" என்றார் அவர். இரண்டாமவர் சாண்டில்யனின் 'யவன ராணி'யைக் கொண்டுவந்திருந்தார். "இரண்டு பாகங்களையும் கீழே வைக்க மனமின்றிப் படித்தேன். கரிகாலன் காலத்து வரலாற்றை இனி வேறு நூலில் தேட வேண்டியதில்லை" என்றார். மூன்றாமவர் கொண்டுவந்தது நீலகண்ட சாஸ்திரியார் எழுதிய சோழர் வரலாறு. "அடிக்குறிப்புகள் மிகுதி, சுவை குறைவு. ஒன்றைச் சொல்லிவிட்டு, அது உறுதியில்லை என்று அவரே சொல்கிறார்" என்று குறைப்பட்டுக்கொண்டார். நான்காமவர் ஒரு மாணவி. சிட்டியும் தி. ஜானகிராமனும் சேர்ந்து எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி' என்னும் பயண நூல் அவர் மடியில் கிடந்தது. "எனக்கு இது மிகவும் பிடித்திருந்தது, ஏன் என்று சொல்லத்தான் தெரியவில்லை" என்று அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

காப்பியம் ஒன்று, புதினம் ஒன்று, வரலாறு ஒன்று, பயண நூல் ஒன்று. நான்கு நூல்கள், நான்கு கருத்துகள். இவற்றுள் எது சரி, எது தவறு என்று நான் உடனே தீர்ப்புக் கூறவில்லை. படித்தவன் ஒரு நூலைப்பற்றிச் சொல்லும் சொல் எத்துணை வலிமை உடையது என்பதை அவர்களுக்கு முதலில் காட்ட விரும்பினேன். அதற்குத் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. நாங்கள் அமர்ந்திருந்த இடத்தைச் சுற்றியுள்ள காவிரிநாட்டு ஊர்களே அதற்குச் சான்று கூறும்.

பூம்புகாரிலிருந்து கடற்கரையோரமாகத் தெற்கே சென்றால் தரங்கம்பாடியை அடையலாம். 1706ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அங்கே கப்பலிலிருந்து இறங்கினார் சீகன்பால்கு என்னும் ஜெர்மானிய இளைஞர். டென்மார்க்கு மன்னர் அனுப்பிய சமயத் தொண்டர் அவர். தமிழில் ஓர் எழுத்தும் அறியாதவராய் வந்தவர், திண்ணைப் பள்ளிச் சிறுவரோடு தாமும் ஒரு சிறுவராய் அமர்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் நெடுங்கணக்கைக் கற்றார். பின்னர் ஓலைச் சுவடிகளைத் தேடலானார். கிடைத்தவற்றை விலைகொடுத்து வாங்கினார். கிடையாதவற்றைப் படியெடுக்கச் செய்தார். 1708இல், வந்து இரண்டே ஆண்டுகள் ஆன நிலையில், தாம் சேர்த்த நூல்களுக்கெல்லாம் ஒரு பட்டியல் வரைந்தார். அதில் இந்நாட்டுச் சமயங்களையும் கலைகளையும் சார்ந்த தமிழ் நூல்கள் மட்டுமே 119.

அப்பட்டியல் வெறும் பெயர்வரிசையன்று. இந்த நூல் எதைப்பற்றிப் பேசுகிறது, யார் இயற்றியதாக மக்கள் கூறுகின்றனர், யார் இதனைப் படிக்கின்றனர், தமக்கு இதுபற்றித் தோன்றுவது யாது என்று நூல்தோறும் குறிப்பு எழுதினார். திருக்குறளுக்கும் குறிப்புண்டு, சிவவாக்கியர் பாடலுக்கும் குறிப்புண்டு, பள்ளிச் சிறுவர் மனனம் செய்யும் சிறு நூலுக்கும் குறிப்புண்டு. பற்பல வகைத் தமிழ் நூல்களை வரிசையாக வைத்துக்கொண்டு, ஒரு வாசகர் தம் கருத்தை உரைநடையில் எழுதி வைத்த மிகப் பழைய ஆவணங்களுள் இஃது ஒன்று. அதை எழுதியபோது அவருக்கு ஏறத்தாழ இருபத்தாறு வயது. இன்று பட்ட வகுப்பை முடித்து வெளிவரும் இளைஞருக்கு அவர் சற்றே மூத்தவர்; அவ்வளவுதான்.

அவர் கருத்துகள் எல்லாம் நடுநிலையானவை என்று நான் கூறமாட்டேன். தம் சமயக் கொள்கைக்கு இயைந்ததைப் போற்றினார், இயையாததைக் கடிந்தார். ஆயினும் அவரிடம் ஓர் அரிய பண்பு இருந்தது. இந்நாட்டு மக்கள் கல்வியறிவில்லாதவர் என்ற எண்ணம் அந்நாள் ஐரோப்பாவில் பரவியிருந்தது. அவரும் அக்காற்றை உயிர்த்து வளர்ந்தவரே. நூல்களைப் படித்தபின் அவ்வெண்ணம் பிழை என்று கண்டார். கண்டதை மறைக்காமல் தம் நாட்டார்க்கு எழுதினார். நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகிய மூன்றையும் அதே 1708இல் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். படிப்பதற்குமுன் கொண்டிருந்த கருத்தைப் படித்தபின் கைவிடும் துணிவுடையவனே உண்மை வாசகன்.

அத்துணிவை அவருடைய மேலோர் விரும்பவில்லை. தமிழர் வழிபடும் தெய்வங்களைப்பற்றி அவர் 1713இல் எழுதி அனுப்பிய நூலை அச்சிட மறுத்துவிட்டனர். பிற சமயத்தை ஒழிக்க அனுப்பினோமேயன்றி, அதனைப் பரப்ப அனுப்பவில்லை என்பது அவர்கள் கூறிய காரணம். அந்நூல் 1867இல்தான் அச்சேறியது. தமிழ் நூற்பட்டியலோ 1880வரை அச்சேறாது கிடந்தது. 1719இல் தரங்கம்பாடியிலேயே மறைந்த அந்த வாசகரின் சொல், அவர் காலத்தில் வெளிவந்திருந்தால் தமிழ் இலக்கியத்தின் பெருமையை ஐரோப்பா இன்னும் ஒரு நூற்றாண்டு முன்னதாக உணர்ந்திருக்கக்கூடும். சொல்லப்படாத கருத்தால் நூலுக்கு நேரும் இழப்பு இத்தகையது.

இனி மேற்கே திரும்பிக் கும்பகோணத்துக்கு வருவோம். அந்தப் பட்டியல் ஜெர்மனியில் அச்சான அதே 1880ஆம் ஆண்டு அங்கே ஒரு நிகழ்ச்சி நேர்ந்தது. உ.வே. சாமிநாதையர் அப்பொழுது கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகப் பணியேற்றுச் சில திங்களே ஆகியிருந்தன. வயது இருபத்தைந்து. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மயிலாடுதுறையிலும் திருவாவடுதுறையிலும் இருந்து பாடங்கேட்டவர். அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரை அவர் காணச் சென்றார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், புராணங்கள் என இளம் ஆசிரியர் அடுக்கினார். கேட்டவர் முகத்தில் வியப்பு ஒன்றும் தோன்றவில்லை. இவற்றுக்கு முந்திய நூல்களைப் படித்ததுண்டா என்று வினவினார். சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இல்லை, இல்லை, இல்லை என்பதே விடையாயிற்று.

இதில் நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. முதலியார் புலவர் பட்டம் பெற்றவர் அல்லர், நீதிமன்ற அலுவலர். பழைய நூல்களின்மேல் பற்றுக்கொண்ட ஒரு வாசகர். அவர் சொன்ன கருத்து இனிமையானதும் அன்று. கேட்டவர்க்கு மனம் சுருங்கியிருக்கும். ஆயினும் அவர் குறைகூறியதோடு நின்றுவிடவில்லை. தம்மிடமிருந்த சிந்தாமணிப் பிரதியைக் கொடுத்துப் படிக்கச் செய்தார். குற்றங்கூறும் கையே விளக்கையும் நீட்டியது. சாமிநாதையரும் சினங்கொள்ளவில்லை, தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு படிக்கத் தொடங்கினார். கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குச் சென்று அவர்கள் சமயக் கருத்துகளைக் கேட்டறிந்தார். 1887இல் சிந்தாமணி வெளிவந்தது. 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை. காவிரிப்பூம்பட்டினத்தை நாம் இன்று மனக்கண்ணால் காண்பதற்குக் கருவியாக உள்ள பட்டினப்பாலையும், புகார்க் காண்டமும், அந்நகரைக் கடல்கொண்ட செய்தி கூறும் மணிமேகலையும், முறையான பதிப்பாக நம் கைக்கு வந்த வரலாறு இதுவே. இதனைச் சாமிநாதையரே 'என் சரித்திரம்' என்னும் நூலில் விரித்துரைத்துள்ளார். மாணவர்கள் அதனைத் தவறாது படிக்க வேண்டும்.

பெரியோரைப்பற்றிப் பேசிவிட்டேன், என்னைப்பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். தமிழின் முதல் புதினமாகிய 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் வெளிவந்தது. அதன் ஆசிரியர் வேதநாயகம் பிள்ளை மயிலாடுதுறையில் முன்சீபாக விளங்கியவர். நான் கல்லூரியில் பயின்ற நாளில் என் வகுப்புத் தோழர் ஒருவர் நூலகத்தில் அந்நூலைக் கையிலெடுத்தார். "அதில் கதை இல்லை, அறிவுரைதான் இருக்கிறது. வைத்துவிடு" என்றேன். அவரும் வைத்துவிட்டார். உண்மையில் நான் அதில் நான்கு அதிகாரங்களுக்குமேல் படித்திருக்கவில்லை. பல்லாண்டுகள் கழித்து அதனை முழுதும் படித்தேன். ஞானாம்பாள் ஆண்வேடம் பூண்டு நாடாளும் பகுதியில் உள்ள துணிவென்ன, வழக்காடுவோர்க்கு விளங்காத மொழியில் நீதிமன்றம் நடப்பதைக் குறித்து ஒரு நீதிபதியே எழுப்பும் கேள்வியின் கூர்மை என்ன, இடையிடையே வரும் நகைச்சுவை என்ன! அறிவுரை மிகுதி என்பது இன்றும் என் கருத்துத்தான். ஆனால் அஃது ஒரு பாதி. மறுபாதியை அறியாமலே நான் ஒரு வாசகரிடமிருந்து ஒரு நூலைப் பறித்துவிட்டேன். என் தோழர் பின்னர் அதனைப் படித்தாரோ இல்லையோ, அறியேன்.

இப்படி வாசகனுக்கும் நூலுக்கும் இடையே எவரும் குறுக்கே நிற்றல் ஆகாது என்பதையே தம் வாழ்நாட்கொள்கையாகக் கொண்டவர் ஒருவர், பூம்புகாருக்கு அண்மையில் உள்ள சீகாழியில் பிறந்தார். அவரே நூலக இயலின் தந்தை என்று உலகம் போற்றும் சீ. இரா. அரங்கநாதன். சிலப்பதிகாரம் அச்சில் வந்த அதே 1892ஆம் ஆண்டே அவர் பிறந்த ஆண்டு. கணித ஆசிரியராக இருந்தவர் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். ஆள் நடமாட்டமற்ற நூலகத்தில் இருக்கப் பிடிக்காமல் முதலில் ஆசிரியப் பணிக்கே திரும்ப எண்ணினார். இங்கிலாந்து சென்று, அங்குள்ள நூலகங்கள் எல்லாத் தரத்து மக்களுக்கும் பயன்படுவதைக் கண்ட பின்னரே அவர் மனம் மாறியது. 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகள் எளியவை: நூல்கள் பயன்படுத்துவதற்கே, ஒவ்வொரு வாசகனுக்கும் அவனுக்குரிய நூல் உண்டு, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகன் உண்டு, வாசகனின் காலத்தை வீணாக்காதே, நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் ஓர் உயிர்.

அதே 1931இல் தஞ்சை மாவட்டத்து மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிக்கொண்டு சிற்றூர்களுக்குச் சென்று வழங்கும் நடமாடும் நூலகம் ஒன்றும் தொடங்கிற்று. நெல்மூட்டை ஏற்றிச் செல்லும் சாலையில் நூல்மூட்டையும் சென்றது. 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் நிறைவேறியதிலும் அரங்கநாதனின் உழைப்பு பெரிது.

ஐந்து விதிகளுள் மூன்றாவதை மாணவர்கள் ஊன்றி நோக்க வேண்டும். ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகன் உண்டு என்றால், எனக்குச் சுவைக்காத நூல் சுவையற்ற நூல் ஆகிவிடாது. அதன் வாசகன் நான் அல்லன் என்பது மட்டுமே அதனால் பெறப்படும். அங்ஙனமாயின் கருத்தே சொல்லக்கூடாதா என்று கேட்பீர்கள். சொல்ல வேண்டும், அச்சமின்றிச் சொல்ல வேண்டும். ஆனால் நூல் எத்தகையது என்பதையும், அது நமக்கு எப்படித் தோன்றியது என்பதையும் தனித்தனியே பிரித்துச் சொல்ல வேண்டும்.

இவ்வளவும் சொல்லி முடிப்பதற்குள் பூம்புகாரில் இருட்டத் தொடங்கிவிட்டது. அப்பொழுதுதான் நால்வரின் கருத்துகளுக்கும் திரும்பினேன்.

சிலப்பதிகாரம் கொண்டுவந்தவரை, "தம்பி, புகார்க் காண்டம் முழுதும் படித்தீரா?" என்று கேட்டேன். கதைச் சுருக்கம் மட்டுமே படித்ததாக அவர் நாணத்துடன் ஒப்புக்கொண்டார். மணலைத் தவிர வேறில்லை என்றாரே, அம்மணலுக்கு அடியில் இருப்பதைச் சொன்னேன். 1960களில் தொல்பொருள் ஆய்வாளர்கள் இவ்வட்டாரத்தில் அகழ்ந்தபோது கீழையூரில் செங்கல்லால் கட்டிய ஒரு படகுத்துறை வெளிப்பட்டது. படகுகளைக் கட்டுவதற்கான மரத்தூண்களின் அடிப்பகுதியும் கிடைத்தது. அது கி.மு. 3ஆம் நூற்றாண்டளவினது என்று கணித்தனர். பல்லவனேச்சுரத்தில் பௌத்தப் பள்ளி ஒன்றின் அடித்தளம் தோன்றியது. கடலடியிலும் பின்னர் ஆய்வுகள் நடந்தன. இவற்றால் காப்பியம் கூறும் ஒவ்வொரு மாளிகையும் மெய்ப்பட்டுவிடவில்லை. கலங்கள் வந்து தங்கிய துறைமுகம் ஒன்று இங்கே இருந்தது என்ற அளவு மெய்ப்பட்டது. எனவே 'எல்லாம் கற்பனை' என்பதும் பிழை. 'எல்லாம் வரலாறு' என்பதும் பிழை. இவ்விரண்டுக்கும் நடுவே நின்று படிப்பதே காப்பியத்துக்கு நாம் செய்யும் மரியாதை.

புதினத்தைப் படித்தவரிடம், "தூக்கத்தை மறந்து படித்தீரே, அதுவே ஆசிரியர்க்கு நீர் தரும் நற்சான்று. அதனைக் குறைக்க வேண்டா. ஆனால் யவன ராணி கரையொதுங்கியது ஆசிரியரின் கற்பனையில். கரிகாலனைப்பற்றி அறிய, உம் நண்பர் கையிலுள்ள வரலாற்றைக் கடன் வாங்கும்" என்றேன்.

வரலாற்று நூலைக் குறைகூறியவரிடம், "ஒன்றைச் சொல்லிவிட்டு, உறுதியில்லை என்கிறார் என்றீர். அதுவே அந்நூலின் சிறப்பு" என்றேன். கரிகாலன் காவிரிக்குக் கரை எடுத்தான் என்பது நாம் எல்லோரும் பாடப் புத்தகத்தில் படித்த செய்தி. அவனைப் பாடும் பட்டினப்பாலையோ அவன் காடு திருத்தியதையும் குளம் தொட்டதையும் கூறுகிறது; ஆற்றுக்குக் கரை எடுத்ததை அங்கே காணோம். அச்செய்தி பிற்காலத்துச் செப்பேடுகளிலும் நூல்களிலுமே இடம்பெறுகிறது. இன்னது இன்ன சான்றிலிருந்து கிடைத்தது என்று பிரித்துக் காட்டுவதற்கே அடிக்குறிப்பு. புதினம் நம்மை விரைவாக அழைத்துச் செல்கிறது. வரலாறு அடிக்கடி நிறுத்தி, வந்த வழியைக் காட்டுகிறது. ஒன்றன் வேலையை மற்றொன்றிடம் எதிர்பார்த்தால் இரண்டுமே நமக்குக் கசக்கும்.

கடைசியாக அந்த மாணவியிடம் வந்தேன். "அம்மா, பிடித்திருந்தது, ஏன் என்று சொல்லத் தெரியவில்லை என்றீர். எந்தப் பக்கத்தில் முதன்முதலாக நின்றீர்? அதை மட்டும் சொல்லும்" என்றேன். அவர் சற்று எண்ணிப்பார்த்தார். "குடகில் காவிரி பிறக்கும் இடத்தை அவர்கள் வருணிக்கும்போது, ஐயா. எங்கள் வயலுக்கு வரும் வாய்க்கால் நீர் அவ்வளவு தொலைவிலிருந்து வருகிறது என்று எனக்கு அன்றுதான் தோன்றியது. மறுநாள் காலை வாய்க்காலைப் போய்ப் பார்த்தேன்" என்றார்.

நால்வருள் சிறந்த கருத்தைச் சொன்னவர் அவரே என்றேன். நூலையும் முழுதாகப் படித்திருந்தார். தமக்கு நேர்ந்ததையும் உள்ளவாறு கூறினார். நூலைப் படித்தபின் தம் ஊர் வாய்க்காலை அவர் புதிதாகக் கண்டார். இதைவிட ஓர் ஆசிரியர் வேண்டுவது யாது?

மாணவ நண்பர்களே! உங்களில் பலர் நாளை ஆசிரியராவீர்கள், சிலர் எழுத்தாளராவீர்கள், எல்லோரும் வாசகராகவே இருப்பீர்கள். ஒரு நூலைப்பற்றி உங்களை ஒருவர் கேட்கும்போது, நீங்கள் சொல்லும் ஒரு சொல்லால் அந்நூல் அவர் கைக்குச் செல்லவும் கூடும், அலமாரிக்கே திரும்பிவிடவும் கூடும். ஆதலால் படித்துவிட்டுச் சொல்லுங்கள். எவ்வளவு படித்தீர்களோ அவ்வளவையும் சேர்த்துச் சொல்லுங்கள். குறை கண்டால், முதலியாரைப்போல, அதைவிட நல்லதொன்றைக் கையில் கொடுத்துச் சொல்லுங்கள். உங்கள் கருத்து மாறினால் அதனை மறைக்காமல் சொல்லுங்கள்.

அன்று இரவு நாங்கள் எழுந்து புறப்பட்டபோது ஒன்றைக் கவனித்தேன். சிலப்பதிகாரம் கொண்டுவந்தவர் வரலாற்று நூலைக் கேட்டு வாங்கிக்கொண்டார். வரலாற்று நூலைக் கொண்டுவந்தவர் கையில் 'யவன ராணி' இருந்தது. அதைக் கொடுத்தவர் பயண நூலை எடுத்துக்கொண்டார். அந்த மாணவி சிலப்பதிகாரத்தைத் தம் பையில் வைத்துக்கொண்டு, "முழுதும் படித்துவிட்டு வருகிறேன், ஐயா" என்றார்.